சின்ன வயதில் உறவினர் செய்த கொடுமை... இத்தனை வருடம் கழித்து போலீஸில் புகார் கொடுக்கலாமா?

"இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு, இப்ப எதுக்கு?" சிறுவயதில் மாமாவோ, அத்தானோ, தாத்தாவோ செய்த பாலியல் கொடுமையைச் சொல்ல வாய் திறந்ததும், வீட்டில் வரும் முதல் கேள்வி இதுதான். காவல் நிலையத்திலும் வரலாம்.

சென்னையில் வளர்ந்து கனடாவில் குடியேறிய ஒரு பெண் விஞ்ஞானிக்கு அப்படித்தான் நடந்தது. 6 வயதிலிருந்து 13 வயது வரை உறவினர் ஒருவரால் பாதிக்கப்பட்டவர் அவர். நடுத்தர வயதில் புகார் கொடுக்க முயன்றபோது, 'காலம் கடந்துவிட்டது' என்ற பதில்தான் கிடைத்தது. அவர் விடவில்லை. ஆன்லைனில் கையெழுத்து திரட்டி, அப்போதைய மத்திய அமைச்சர் மேனகா காந்தி வரை போனார். போக்சோவில் புகார் கொடுக்க கால வரம்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை என்று, 2018 அக்டோபரில் மத்திய சட்ட அமைச்சகம் தெளிவுபடுத்தியது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. போக்சோ அமலுக்கு வந்தது 2012 நவம்பர் 14-ல். அதற்கு முன் நடந்தவற்றுக்கு அது பொருந்தாது. அன்றைய இந்திய தண்டனைச் சட்டம்தான். அதில் பாலியல் வன்கொடுமைக்குக் கால வரம்பு கிடையாது. ஆனால் 'மானபங்கம்' பிரிவுக்கு அப்போது அதிகபட்ச தண்டனையே 2 ஆண்டுதான் என்பதால், 3 ஆண்டு வரம்பு உண்டு. தாமதத்தை ஏற்பது நீதிமன்றத்தின் கையில். அநியாயம்தான், என்ன செய்ய?

இன்று 20 வயதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பலருக்கு இந்தத் தேதி சாதகமானது. 10 வயதில் நடந்தது 2014-ல் என்றால் போக்சோதான். தவறாகத் தொட்டதற்கே 3 முதல் 5 ஆண்டு சிறை. தொட்டவர் ரத்த உறவோ, திருமண உறவோ என்றால் குறைந்தது 5 ஆண்டு. பாதிக்கப்பட்டவர் பையனாக இருந்தாலும் இதே சட்டம்தான்.

சம்பவம் நடந்தது மதுரையில், நீங்கள் இப்போது வேலை பார்ப்பது கிண்டியில் என்றால் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. கிண்டி அனைத்து மகளிர் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு அவர்களே உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். 'எங்க லிமிட் இல்லம்மா' என்று திருப்பி அனுப்பினால், துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். போக்சோ புகாரைப் பதிவு செய்யாமல் விடுவதே 6 மாதம் வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம்.

'தேதி ஞாபகம் இல்லையே' என்று தயங்க வேண்டாம். எத்தனையாவது படித்தீர்கள், எந்த வாடகை வீடு, பொங்கல் லீவா, முழுப்பரீட்சை லீவா... இவை போதும். தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள், பிறகு குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடிப்பார்கள். அன்று ஒரு தோழியிடம் சொல்லியிருந்தால் அவர் சாட்சி. அந்த ஆள் பிற்பாடு மன்னிப்பு கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் இருந்தால் டெலீட் செய்யாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். பல வருடம் கழித்து மருத்துவ ஆதாரம் இருக்காதுதான். ஆனால் நம்பகமான வாக்குமூலம் ஒன்றே தண்டனைக்குப் போதும் என்பது நீதிமன்றங்கள் ஏற்ற நிலை.

அதே ஆள் இருக்கும் வீட்டில் இப்போது வேறொரு குழந்தை வளர்கிறதா? அந்தக் குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினாலே 1098-க்குப் போன் செய்யலாம்.

புகாருக்குப் பிறகுதான் வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பிக்கும். "கேஸை வாபஸ் வாங்கிடும்மா, குடும்ப மானம் போகுது" என்பார்கள். போக்சோ வழக்கு அப்படி பேசித் தீர்த்துக்கொள்ளும் வழக்கு இல்லை. சமரசம் ஆகிவிட்டது என்று ரத்து செய்யப்பட்ட ஒரு வழக்கை, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது. அதனால் ஸ்டேஷன் படி ஏறுவதற்கு முன்பே 15100-ல் இலவச சட்ட உதவி கேட்டு ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள். மனம்விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால், குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை குறித்தே 2004 முதல் பணியாற்றும் 'துளிர்' அமைப்பு சென்னையிலேயே இருக்கிறது.