தில்லைக் கரணச் சிற்பங்களும் உடலியக்கத் தளங்களும்

தில்லை நடராசர் திருக்கோயிலின் நாற்றிசைக் கோபுர வாயில்களிலும் பரதர் வகுத்த கரணங்கள் கல்லில் வடிக்கப்பெற்றுள்ளன. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் நாட்டிய சாத்திரச் சுலோகங்களும் கிரந்த எழுத்தில் உடன் பொறிக்கப்பெற்றுள்ளமை இவற்றின் தனிச்சிறப்பாகும். கடலூர் மாவட்டத்திலேயே உள்ள விருத்தாசலத்துக் கோபுரமும் கரணச் சிற்பங்களைக் கொண்டது. சொல்லும் உருவமும் ஓரிடத்தே நிற்பதால், ஆடல் வரலாறு ஆராய்வார்க்குத் தில்லையே முதற்சான்றாயிற்று.

1914 ஆம் ஆண்டுக் கல்வெட்டுத்துறை அறிக்கை இச்சிற்பங்களை அறிஞருலகிற்கு அறிமுகம் செய்தது. 1926 இல் இராமகிருட்டிண கவி பதிப்பித்த பரோடா நாட்டிய சாத்திரப் பதிப்பின் முதற் பகுதி இவற்றின் படங்களைத் தாங்கி வந்தது. 1936 இல் நாராயணசாமி நாயுடு முதலிய மூவர் வெளியிட்ட தாண்டவ இலக்கணமும் இவற்றை அடிப்படையாகக் கொண்டதே. இவ்வெளியீடுகளின் பயன் பெரிது. எனினும், ஒரு கரணத்திற்கு ஒரு படம் எனக் கண்டு பழகிய கண்ணுக்குக் கரணம் என்பது அசைவற்ற நிலையே என்னும் எண்ணம் எளிதில் தோன்றியது. கரணம் நிலையன்று, இயக்கமே என்பதனை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்ற பத்மா சுப்பிரமணியம் வலியுறுத்தினார். அவ்விரு கருத்துக்களையும் கல்லைக் கொண்டே ஆராய ஒரு வழி உண்டா என்பதே ஈண்டு எழும் வினா.

சொல்லாராய்ச்சி முதலில் துணைநிற்கும். பரதர் கூறும் இலக்கணப்படி, ஆடலில் கையும் காலும் இசைந்து இயங்குதலே கரணமாகும். தொல்காப்பியக் கற்பியலில் கரணம் என்பது மணவினையைக் குறிக்கின்றது; அதுவும் செயலே. சிறுவர் தலைகீழாய் உருள்வதைக் குட்டிக்கரணம் என்று வழங்குகின்றோம். அசையாது நிற்பதை எவரும் அவ்வாறு கூறுவதில்லை. எனவே, தமிழ் வழக்கிலும் இச்சொல் செயலை விட்டு நீங்கியதன்று.

இனி, இயக்கத்தை அளக்கும் முறையைக் காண்போம். உடற்கூற்றியலார் நிமிர்ந்து நிற்கும் உடலை மூன்று தளங்களாற் பகுப்பர். இடம் வலம் எனப் பிரிப்பது நடுத்தளம். முன் பின் எனப் பிரிப்பது முகத்தளம். மேல் கீழ் எனப் பிரிப்பது கிடைத்தளம். ஒவ்வொரு தளத்திலும் நிகழும் அசைவு, அத்தளத்திற்குச் செங்குத்தான ஓர் அச்சைப் பற்றியே நிகழும். முழங்கால் மடங்குதல் நடுத்தள அசைவு; அதன் அச்சு இடம் வலமாகச் செல்வது. கையைப் பக்கவாட்டில் உயர்த்துதல் முகத்தள அசைவு. அதன் அச்சு முன்பின்னாகச் செல்வது. கழுத்தைத் திருப்புதல் கிடைத்தள அசைவு. அதன் அச்சு நெடுக நிற்பது. செருமனி நாட்டுப் பிரௌனும் பிசரும் 1895 இல் வெளியிட்ட நூலில் மனித நடையை முப்பரிமாண அளவைகளால் ஆராய்ந்தமை இத்துறையின் பெரும் படியாகும்.

தில்லைச் சிற்பம் தட்டைக் கல்லில் எழுந்த புடைப்புருவம். நமக்கு நேரே நிற்பது முகத்தளம் ஒன்றே. நடுத்தள அசைவு ஆழத்தில் நிகழ்வதாதலின் சுருங்கித் தோன்றும். கிடைத்தளமோ முன்னின்று நோக்குவார்க்கு ஒரு கோடாகிவிடும். ஆதலின் சுழற்சி என்பது கல்லில் ஏறவே ஏறாது. கரணம் நிலையெனத் தோன்றியமைக்குக் காரணம் ஆடலில் இல்லை, கல்லின் தட்டையிலேயே உள்ளது எனலாம்.

இலலாட திலகம் என்னும் கரணத்தைச் சான்றாகக் கொள்வோம். தேளின் வால்போற் காலைப் பின்னே வளைத்துயர்த்தி, பெருவிரலால் நெற்றியிற் பொட்டிடுதல் இதன் இலக்கணம். இஃது இடுப்பும் முதுகும் பின்வளையும் நடுத்தள அசைவாம். உடலுக்குப் பின்னாற் செல்லும் காலைப் புடைப்புருவில் நேரே காட்டல் அரிது. பக்கத்தே உயர்ந்ததுபோலவே காட்டல் கூடும். உருவை மட்டும் நோக்குவார் இதனை முகத்தள அசைவாகக் கொண்டு பிழைபடுவர். அருகிலுள்ள சுலோகமே பிழையை விலக்குகின்றது.

கடிச்சின்னம் இன்னும் தெளிவானது. இடையை மாறி மாறித் திருப்புதலும், அதனை மீண்டும் மீண்டும் செய்தலும் இதன் இலக்கணத்திலேயே கூறப்பெற்றுள்ளன. மீண்டும் செய்தல் என்பது நிலைக்குப் பொருந்துமோ? சிற்பி காட்டியது ஒரு கணம். நூல் கூறியது ஒரு தொடர்ச்சி. பரதர் இடையின் தொழில்களை ஐந்தாக்கினார். அவற்றுள் சின்னமும் நிவிருத்தமும் திரும்புதலாதலின் நெட்டச்சைச் சார்ந்தவை. பக்கங்களை மெல்ல உயர்த்தும் உத்வாகிதம் முன்பின் அச்சைச் சார்ந்தது. கழுத்து, கை, இடை, கால் என்னும் நான்கிற்கும் அவர் கூறும் இரேசகங்களுள் சுழற்சியே முதன்மை பெறுகின்றது. கல் இழந்ததை நூல் காத்துள்ளது.

தபதியரும் இச்சிக்கலை அறியாதவரல்லர். உச்சி முதல் அடிவரை பிரம சூத்திரம் என்னும் நடுநூலைத் தொங்கவிட்டு, அந்நூலுக்கும் உறுப்புக்களுக்கும் உள்ள இடைவெளியை அங்குலத்தால் அளந்தனர். சமபங்கம், ஆபங்கம், திரிபங்கம், அதிபங்கம் என்னும் பாகுபாடு உடலின் வளைவு மிகுதியைக் குறிப்பது. ஆயினும், பிரம சூத்திரமும் இக்கால நடுத்தளமும் ஒன்றே எனக் கூறுதல் பொருந்தாது. தபதியின் நூல் நிற்கும் உருவை அமைப்பதற்கு. உடற்கூற்றியலாரின் தளம் நிகழும் அசைவைப் பகுப்பதற்கு. நோக்கம் வேறாயினும், உடலை நடுக்கோட்டினின்று அளத்தல் இரண்டற்கும் பொது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. அசைவின் திசையைத் தளம் கூறும். காலக்கதியையும் முன்பின் வரிசையையும் கூறாது. அவற்றிற்கு நூலையும் ஆடுவாரின் மரபையுமே நாட வேண்டும். ஆதலின், கரணச் சிற்பங்களை விளக்கி எழுதுவோர் மூன்றனைத் தனித்தனியே குறித்தல் நலம்: கல்லிற் காணும் உருவம், நூல் கூறும் அசைவு, அவ்வசைவின் தளமும் அச்சும். முதலிரண்டும் முரணும் இடத்தில் மூன்றாவது முரணின் காரணத்தைக் காட்டும். இவ்வாறு 108 கரணங்களையும் வரிசைப்படுத்தின், தில்லைக் கோபுரங்களுக்கு இடையேயும், தில்லைக்கும் விருத்தாசலத்திற்கும் இடையேயும் உள்ள வேறுபாடுகளுள் எவை சிற்பியின் கைத்திறத்தால் நேர்ந்தவை, எவை ஆடல் மரபின் மாற்றத்தால் நேர்ந்தவை எனப் பிரித்தறிதல் கூடும்.