ஆஞ்சில்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் வாழும் தமிழர்களுக்குப் பழகிய வங்கச் சொற்கள் தில், ஆஞ்சில். தில் என்றால் எள். தோலோடு படிந்த சிறு மச்சத்துக்கும் அதுவே பெயர். தடித்து மேலெழும்பினால் ஆஞ்சில். நாம் மரு என்றும் பாலுண்ணி என்றும் சொல்வதெல்லாம் அதில் அடங்கும்.

சிக்கல் இங்கேதான். வைரஸால் வரும் மருவும், வயதானவர்களின் முகத்திலும் முதுகிலும் மெழுகை ஒட்டினாற்போல் பழுப்பாகத் தோன்றும் செபோரிக் கெரட்டோசிஸும் ஒரே பெயரில் நடமாடுகின்றன. பின்னது தொற்றாது, புற்றும் அல்ல. பெரும்பாலும் டெர்மாஸ்கோப் என்னும் உருப்பெருக்கி வழியே பார்த்தே மருத்துவர் உறுதிசெய்துவிடுவார். உறுத்தினால் திரவ நைட்ரஜனால் உறையவைத்தோ சுரண்டியோ எடுக்கலாம். கறுத்த தோலில் உறையவைத்த இடம் வெளுத்துப்போகக்கூடும், அதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. உறுத்தாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம்.

வீட்டில் சுண்ணாம்பு வைத்துச் சுடாதீர்கள். வேகமாக வளர்ந்தாலோ நிறம் மாறினாலோ ரத்தம் கசிந்தாலோ, பெயர் எதுவானாலும், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கொல்கத்தாவில் சித்தரஞ்சன் அவென்யூவில் இயங்கும் ஸ்கூல் ஆஃப் டிராபிகல் மெடிசினில் தோல் பிரிவு இருக்கிறது.