சேத்துப்பட்டுக்குப் போன ரத்தம்

2020 மே 11. ஊரடங்கு அமலில் இருந்தபோதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வுக் குழுக்கள் 21 மாநிலங்களில் 70 மாவட்டங்களுக்குள் இறங்கின. கொரோனா யாருக்கெல்லாம் வந்து, தெரியாமலே போயிருக்கிறது என்பதை ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடியை வைத்துக் கணிக்க வேண்டும். ஜூன் 4க்குள் 28,000 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். அப்படி எடுத்த ஒரு குழாயின் கதை இது. எந்த வீட்டில் எடுத்தது என்று கேட்க வேண்டாம். எல்லாக் குழாய்களும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் போயின.

முதல் தடை வாசற்படி. மாவட்டத்துக்குப் பத்து கிராமங்கள் அல்லது வார்டுகள், ஒவ்வொன்றிலும் நாற்பது பேர், வீட்டுக்கு ஒரு பெரியவர் என்பது திட்டம். “இங்கே யாருக்கும் காய்ச்சலே இல்லையே, எங்களிடம் எதுக்கு ரத்தம்?” என்று ஒரு வீட்டில் கேட்டால் அது நியாயமான கேள்வி. காய்ச்சல் வராதவர் ரத்தம்தான் இந்த ஆய்வுக்கு முக்கியம் என்பதை வாசலில் நின்று, முகக்கவசத்துக்குள்ளிருந்து, விளக்கியாக வேண்டும். தாமாக முன்வருபவர்களிடம் மட்டும் எடுத்தால் கணக்கு கோணிவிடும். பாசிட்டிவ் என்றால் ஆம்புலன்ஸ் வரும், சில ஊர்களில் வாசலில் தகரம் அடிப்பார்கள் என்றிருந்த நாட்கள் அவை. 30,283 வீடுகளுக்குப் போனதில் 28,000 பேர் கை நீட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

குழாயில் ஏறிய ரத்தம் முதலில் உறைய வேண்டும். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளியும் சீரத்தைப் பிரிக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும், அதுவும் பக்கத்திலேயே வேண்டும். பிரிக்காமல் மேடுபள்ளமான சாலையில் குலுக்கிக்கொண்டு போனால் சிவப்பணுக்கள் உடைந்து சீரமே சிவந்துவிடும். பிரித்த சீரத்தைக் குளிர்ச்சி குறையாமல் கொண்டுபோக வேண்டும். அந்த மே 20இல் மேற்கு வங்கத்தில் ஆம்பன் புயல் கரையேறியது. 26ஆம் தேதி ராஜஸ்தானின் சூருவில் வெயில் 50 டிகிரியைத் தொட்டது. இரண்டு மாநிலங்களும் ஆய்வில் இருந்தவை. உள்நாட்டுப் பயணிகள் விமானங்களோ மே 25 வரை பறக்கவில்லை.

சீரம் போய்ச் சேர வேண்டிய இடம் சென்னை, சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். தொற்று பரவிய கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, சென்னையே தொற்றில் திணறிக்கொண்டிருந்த நேரம்.

அங்கே காத்திருந்தது ஆன்டிபாடியைக் கண்டறியும் ‘கோவிட் கவச்’ என்ற எலைசா கிட். புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனம் உருவாக்கியது. ஏப்ரலில் வெளிநாட்டிலிருந்து வந்த துரிதப் பரிசோதனைக் கிட்டுகள் இடத்துக்கு ஒரு விடை சொன்னதால், அவற்றை நிறுத்தும்படி ஐசிஎம்ஆரே மாநிலங்களுக்குச் சொல்லியிருந்தது. கவச் பற்றிய அரசு அறிவிப்பு வந்தது மே 10இல், ஆய்வு தொடங்குவதற்கு முந்தைய நாள்.

என் கணிப்பில் இந்தப் பயணத்தின் ஆகக் கடினமான கட்டம் வெயிலும் புயலும் அல்ல, இந்தச் சோதனை மேசைதான். தொற்று வராதவர்களில் 97.9 சதவீதம் பேரை ‘இல்லை’ என்று கவச் சரியாகச் சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில், 28,000 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வராமலிருந்தாலும் 590 பேர் வரை ‘பாசிட்டிவ்’ ஆகிவிடுவார்கள். ஆய்வு கடைசியில் கண்ட விகிதமோ 0.73 சதவீதம், 28,000 பேருக்குக் கணக்கிட்டால் சுமார் 200 பேர். நோய் அரிதாக இருக்கும்போது பொய்யான ‘ஆம்’கள் உண்மையான ‘ஆம்’களை மூழ்கடித்துவிடும். அதனால் கவச் ‘ஆம்’ என்ற சீரங்களை மட்டும் இன்னொரு நிறுவனத்தின் எலைசாவில் மறுபடி சோதித்தார்கள். நம் குழாயும் முதல் முறை ‘ஆம்’ என்றிருந்தால் இரண்டாம் முறையும் சாட்சி சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

மே தொடக்கத்துக்குள் நாடு முழுவதும் சுமார் 64 லட்சம் பெரியவர்களுக்குத் தொற்று வந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அதன் வரம்பு 38 லட்சம் முதல் 1.12 கோடி வரை. தலைப்புச் செய்தியில் இவ்வளவு அகலத்துக்கு இடம் கிடைப்பதில்லை. பரிசோதனையில் உறுதியான ஒருவருக்கு 82 முதல் 130 பேர் என்ற விகிதத்தில் தொற்று வந்திருக்கலாம் என்பதும் அதே கணக்கு.

ஆய்வின் முழுக் கட்டுரை செப்டம்பரில் அச்சேறியது. அதற்குள் குழுக்கள் அதே 700 கிராமங்களுக்கும் வார்டுகளுக்கும் இரண்டாம் சுற்றுக்குப் போயிருந்தன. இம்முறை பத்து வயதுக்கு மேற்பட்டவர்களும் சேர்ந்தார்கள், விடை 6.6 சதவீதம். பரிசோதனைக் கிட்டும் மாறியிருந்ததால், 0.73ஐயும் 6.6ஐயும் பக்கத்தில் வைத்து ஒன்பது மடங்கு என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.