காட்டுத் துப்பாக்கியின் வாய்ப்பூண்

‘ஜங்கிள் கார்பைன்’ என்று பெயர்பெற்ற ஐந்தாம் எண் லீ-என்ஃபீல்டு துப்பாக்கி பிரிட்டனில் 1944இல் உற்பத்திக்கு வந்தது. அதற்கு முந்திய நான்காம் எண் துப்பாக்கியின் குழல் 640 மில்லிமீட்டர். அதை 478ஆகக் குறுக்கி, கட்டையைச் செதுக்கி, உடற்பகுதியின் இரும்பிலும் ஆங்காங்கே பள்ளம் கடைந்து, ஏறத்தாழ நான்கு கிலோ இருந்த எடையை 3.2 கிலோவுக்கு இறக்கினார்கள். தோட்டா மட்டும் பழைய .303தான். நீண்ட குழலுக்கென்று அளந்த மருந்து குட்டைக் குழலுக்குள் எரிந்து முடியாமல் வாய்க்கு வெளியே வந்து எரிந்தது. இருட்டில் அந்தச் சுடர் சுடுபவரின் கண்ணையே கூசவைக்கும். அதைத் தடுக்கத்தான் குழல்வாயில் புனல் வடிவில் ஒரு சுடர் மறைப்பான் பொருத்தப்பட்டது. எதிரியின் பார்வையிலிருந்து ஆளை மறைப்பதைவிட, சுடுபவரின் கண்ணைக் காப்பதே அதன் முதல் வேலை.

இந்தத் துப்பாக்கியின் உற்பத்தி 1947இல் நின்றுபோனது. அது பெயரெடுத்த போரோ, மலாயாவில் கம்யூனிஸ்டு கெரில்லாக்களுடனான போர், அடுத்த ஆண்டுதான் தொடங்கியது. ஈப்போவின் மேற்கே, பேராக் தமிழர்களின் பெரிய குடியிருப்புகளில் ஒன்றான புந்தோங்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் இருப்பது சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16 அன்று அங்குள்ள எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கரும், மற்றொரு தோட்டத்தில் ஜான் அலிசன், இயான் கிறிஸ்டியன் ஆகிய இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் அவசரகாலம் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஆயிரக்கணக்கில் சிறப்புக் காவலர்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். பல தோட்டங்களில் பால்மரத் தொழிலாளர்களின் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்தது. பிரிட்டிஷ் படைகளும் மலாயாவின் படைகளும் போலீசும் கையாண்ட ஆயுதங்களில் இந்தக் குட்டைத் துப்பாக்கியும் ஒன்று. பால்மர நிரைகளுக்கிடையிலும் அடர்காட்டிலும் தூக்கி நடக்க அது வசதியானது.

சுடர் மறைப்பான் என்ற இந்த வாய்ப்பூணைப் பொருத்துவது சிறு வேலையாகத் தோன்றும். உலக்கைக்குப் பூண் மாட்டுவதுபோல் இறுக்கமாக நின்றால் போதும் என்று நினைக்கலாம். ஐந்தாம் எண்ணில் அப்படி முடியாது. சுடர் மறைப்பான், முன்குறி நிற்கும் பீடம், துப்பாக்கிக் கத்தியை மாட்டும் முனை மூன்றும் அதில் ஒரே இரும்புத் துண்டு. அது மரையில் முறுக்கி ஏற்றப்படுவதல்ல. குழலின் மேல் செருகிக் குறுக்கு ஆணிகளால் நிறுத்தப்படுவது. துண்டு அரைப் பாகை சாய்ந்தாலும் முன்குறி சாயும். சாய்ந்த குறியை நம்பிச் சுட்டால் தூரம் கூடக் கூட விலகலும் கூடும். புனலின் நடுக்கோடு குழலின் நடுக்கோட்டோடு ஒன்றவும் வேண்டும். விலகியிருந்தால் வெளியேறும் வாயு ரவையை ஒரு பக்கமாகத் தள்ளும். விலகல் பெரிதானால் ரவையே இரும்பில் உரசும். ஆகவே ஆயுதக் கிடங்கின் கம்மியர் முதலில் பார்ப்பது பீடம் செங்குத்தாக நிற்கிறதா என்பதைத்தான். அதன் பிறகே சுட்டுப் பார்த்து, முன்குறித் தகட்டைப் பக்கவாட்டில் நகர்த்தியும், உயரம் போதாவிட்டால் வேறு தகடு மாற்றியும் குறிநிலையை அமைப்பார்.

இவ்வளவு செய்தும் குறிநிலை நிற்கவில்லை என்ற புகார் எழுந்தது. ஒருநாள் சரிசெய்த துப்பாக்கி வேறொரு நாள் வேறிடத்தில் சுட்டது. கண்ணுக்குத் தெரிந்த புதுமை வாய்ப்பூண்தான் என்பதால் பழி முதலில் அதன் தலையில் விழுந்தது. குழலும் உடலும் கட்டையும் சேரும் இடத்தைச் சந்தேகித்தவர்களின் வாதமே வலுவானது: எடை குறைக்கக் கடைந்த பள்ளங்களால் உடற்பகுதி சுடும்போது நெளிகிறது, கட்டை ஈரத்தில் உப்பிக் குழலைத் தள்ளுகிறது. குறை வடிவமைப்பிலேயே இருக்கிறது, திருத்த முடியாது என்று பிரிட்டிஷார் முடிவுகட்டினார்கள். அரைத் தானியங்கித் துப்பாக்கிக்கு மாறும் அவசரத்தில் இந்தக் குறை பெரிதாக்கப்பட்டது என்று சொல்வோரும் உண்டு. காட்டுச் சண்டை பெரும்பாலும் நெருங்கிய தூரத்தில் நடந்ததால் காவலருக்கு அந்த விலகல் பெரிய தொல்லையாகத் தோன்றியிருக்காது. தோளில் இடித்ததுதான் பெருந்தொல்லை. பிட்டத்தில் வைத்த ரப்பர் மெத்தை கட்டையைவிட அகலம் குறைந்தது. நாளாக நாளாக இறுகிக் கல்லாகும். ரப்பர் விளையும் நாட்டில் ரப்பரே காலை வாரியது.

பூண் பொருத்துவதும் குறி அமைப்பதுமான இந்த வேலையெல்லாம் அரசின் ஆயுதக் கிடங்குகளுக்குள் நடந்தது. பட்டறைத் தொழிலாக வெளியே பரவ வழியில்லை. அவசரகாலச் சட்டத்தில் உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தாலே மரண தண்டனை. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அடுத்து வந்த அரைத் தானியங்கி எஸ்.எல்.ஆர். துப்பாக்கியில் நீளவாக்கில் பிளவுகள் கொண்ட மறைப்பான் மரையில் ஏறியது. முன்குறி அதைவிட்டுப் பின்னால் போனதால் வாய்ப்பூணும் குறியும் தனித்தனி வேலைகளாயின. அமெரிக்கர்களின் எம்16 துப்பாக்கியின் முதல் மறைப்பான் மூன்று விரல்போல் முனை திறந்திருந்தது; வியட்நாம் காட்டில் கொடியும் சுள்ளியும் அதில் சிக்கின. பின்னர் முனை வளையமாக மூடப்பட்டது. எம்16ஏ2இல் அடிப்பக்கப் பிளவுகளும் அடைக்கப்பட்டன, தரையின் தூசு கிளம்பாதிருக்க. அதனால் அடைத்த பக்கம் சரியாகக் கீழ்நோக்கி நிற்கும்படி வளையத் தகடு வைத்துப் பொருத்த வேண்டிய கணக்கு வந்து சேர்ந்தது. மரை குழலின் நடுக்கோட்டிலேயே வெட்டப்பட்டிருக்க வேண்டும், குழலின் தோள்பட்டை சதுரமாக இருக்க வேண்டும் என்ற இரண்டும் மரையில் ஏறும் மறைப்பான்கள் எல்லாவற்றுக்கும் பொது.

ஐந்தாம் எண் துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர்களிடம் இன்றும் நல்ல விலை உண்டு. நான்காம் எண்ணின் குழலை அறுத்து, புதிதாய்ச் செய்த புனலை மாட்டி, அசல் என்று விற்பதும் நடக்கிறது. வாங்குபவர் வாய்ப்பூணைப் பார்த்து ஏமாறாமல், உடற்பகுதியில் எடை குறைக்கக் கடைந்த பள்ளங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.