அறையின் எல்லையும் கண்ணின் எல்லையும்

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவருள் பலருக்கு முதலில் வாய்ப்பது ஒற்றை அறையே. பல ஆண்டுகளுக்கு முன் தில்லியில் எனக்கு வாய்த்த அறை பத்தடிச் சதுரம். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த என் அன்னையார் வாசற்படியிலேயே நின்று, "நம் வீட்டுப் பத்தாயத்தை வைத்தால் நீ எங்கேயடா படுப்பாய்?" என்று கேட்டார். அச்சொல் நெடுநாள் என் மனத்தை உறுத்தியது. ஆயினும் இடக்குறையோடு போராடியவர்கள் நாம் மட்டுமல்லர்; பெருஞ் சிற்பிகளும் போராடியிருக்கின்றனர்.

இத்தாலியின் மிலான் நகரில் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரமாந்தே என்னும் சிற்பி ஒரு மாதா கோயிலை அமைத்தார். பீடத்திற்குப் பின்னே தெரு. மண்டபம் எழுப்ப இடமில்லை. ஆகவே, ஒரு மீட்டருக்கும் குறைந்த ஆழத்திற்குள் தூண்களையும் வளைவுக் கூரையையும் படிப்படியாகச் சுருக்கிச் சுதையினால் வடித்து, வண்ணம் தீட்டினார். எதிரே நிற்பவருக்கு அது நீண்ட மண்டபம். பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கோ சுவரில் பதித்த சுதைவேலை.

ரோமாபுரியில் ஸ்பாதா கர்தினாலின் மாளிகையில் 1652–53-இல் பொர்ரோமினி இன்னும் ஒருபடி மேலே சென்றார். அங்கே தரையையும் அவர் துணைக்கு அழைத்தார். உள்ளே செல்லச் செல்லத் தரை சற்றே உயரும், கூரை தாழும், பக்கச் சுவர்கள் நெருங்கும், தூண்கள் குட்டையாகும். ஏறத்தாழ 9 மீட்டர் நீளமுள்ள தூண்வரிசை 35 மீட்டர்போல் தோன்றும். கோடியில் ஆளுயரமாகத் தெரியும் சிலை உண்மையில் ஒரு மீட்டர் உயரமும் இல்லை.

இவை வியத்தற்குரியவையே. ஆனால் இவ்விரண்டும் ஓரிடத்தில் நிற்பவனையே மயக்கும். நடமாடி வாழ்பவனுக்கு உதவா. வாழ்பவனுக்குரிய வழியை லண்டனில் சர் ஜான் சோன் கண்டார். இங்கிலாந்து பாங்கின் கட்டடக் கலைஞரான அவர், 1812-இல் தம் வீட்டில் ஒரு சிறு சிற்றுண்டி அறையை அமைத்தார். அதன் ஆழமற்ற குவிமாடம் இரு பக்கங்களில் சுவரைத் தொடாது நிற்கும். அவ்விடைவெளியில், மறைந்துள்ள மேற்சாளரங்களிலிருந்து ஒளி பொழியும். ஆங்காங்கே பதித்த குவிந்த கண்ணாடிகள் அறையைப் பல கோணங்களில் திருப்பிக் காட்டும். அங்கே அறை எங்கு முடிகிறது என்பது கண்ணுக்கு எளிதில் அகப்படாது. 1833-இல் நிறைவேறிய சட்டத்தின்படி அவ்வீடு காட்சிசாலையாயிற்று. இன்றும் அதைக் காணலாம்.

அறை சிறிதாகத் தெரிவதற்குக் காரணம் அதன் அளவு மட்டுமன்று. எல்லைகள் உடனே கண்ணில் படுவதுமாகும். இதை உணர்ந்தபின், நடுவே விரித்திருந்த அகலக் கரையிட்ட சிவப்பு ஜமக்காளத்தை எடுத்துவிட்டேன்; அதன் கரையே அறைக்குள் இன்னொரு சிற்றறையைக் கட்டியிருந்தது. மூலைக்கு மூலை ஒரே வெளிர்நிறப் பாயை விரித்தேன். தரையை மறைத்த பெட்டிகளைச் சுவர்ப் பலகையில் ஏற்றினேன். சாளரத்திற்கு எதிரே ஒரு கண்ணாடியை மாட்டினேன். வெளியே நின்ற வேப்பமரம் அறைக்குள்ளும் அசையலாயிற்று.

அறை ஓர் அங்குலமும் வளரவில்லை. ஆனால் அடுத்த முறை வந்தபோது அன்னையார் வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து, பாயின் நடுவே காலை நீட்டி அமர்ந்தார்.