‘பொங்கல்’ ஏன் உடைந்து வந்தது?

பே ஏரியாவில் இருப்பவர்கள் மவுண்டன் வியூவில் உள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்துக்குப் பள்ளியோடு ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். நியூ ஜெர்சி, டெக்சாஸ் பிள்ளைகளுக்கு அதன் இணையதளம் இருக்கிறது. 2013-ல் அந்த அருங்காட்சியகம் போட்டோஷாப்பின் மூல நிரலை எல்லோரும் படித்துப் பார்க்கட்டும் என்று வெளியிட்டது. 179 கோப்புகள், ஏறக்குறைய 1,28,000 வரிகள், பெரும்பகுதி பாஸ்கல் மொழியில். தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பி தொடங்கிய வேலை அது.

நான் கவனித்தது அதன் எண்ணை. போட்டோஷாப் 1990 பிப்ரவரியில் 1.0 என்று வெளிவந்தது. அருங்காட்சியகத்தில் இருப்பதோ 1.0.1. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒன்றுக்கு என்ன அர்த்தம்?

பொதுவான வழக்கம் இதுதான். முதல் எண் மாறினால் பெரிய மாற்றம். நடு எண் மாறினால் சில புது வசதிகள். கடைசி எண் மட்டும் மாறினால், புதிதாக ஒன்றும் இல்லை, பழுது பார்த்திருக்கிறார்கள். இப்படிப் பழுது பார்ப்பதைத்தான் பேட்ச் என்கிறோம். அந்தச் சொல் கிழிந்த சட்டையில் போடும் ஒட்டிலிருந்து வந்தது. உவமைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே ஒட்டினார்கள். 1944-ல் ஹார்வர்டில் இயங்கத் தொடங்கிய மார்க் 1 கணினிக்குக் கட்டளைகள் காகித நாடாவில் துளைகளாகப் போயின. தவறான இடத்தில் துளை விழுந்துவிட்டால் அதன்மேல் காகிதத் துண்டை ஒட்டி மூடினார்கள். அப்படி ஒட்டுப் போட்ட நாடாவின் படம் ஸ்மித்சோனியனில் இருக்கிறது.

பில்ட் வேறு. அதை இட்லியை வைத்துச் சொல்கிறேன். நிரல் என்பது மாவு. மாவை யாரும் தின்ன முடியாது, வேக வைக்க வேண்டும். ஒரு முறை வேக வைத்து எடுப்பதை வீட்டில் ‘ஒரு ஈடு’ என்பார்கள் இல்லையா, அதுதான் பில்ட். மென்பொருள் நிறுவனங்களில் தினம் ஒரு ஈடு எடுப்பார்கள், சில இடங்களில் பல. பெரும்பாலானவை வெளியே வருவதே இல்லை. பெயரும் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்கும் இரண்டு பிரதிகள் வேறு வேறு ஈடாக இருக்கலாம். அதனால்தான் ‘அபௌட்’ திரையில் ஒரு நீளமான எண்ணையும் போடுகிறார்கள். உப்புக் குறைந்த இட்லிமேல் பொடி தூவிக் கொடுத்தால் அது பேட்ச். அப்டேட் என்பது உங்கள் வாசலுக்கு வந்து சேரும் டப்பா. உள்ளே பொடியும் இருக்கலாம், புது ஈடும் இருக்கலாம். டப்பாவைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

இதெல்லாம் நமக்கு எதற்கு? தமிழ் எழுத்து இந்த மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பல வருஷம் தவித்தது.

போட்டோஷாப் திறக்கும்போது வரும் முகப்புத் திரையில், தாமஸ் நோலின் பெயருக்குப் பக்கத்தில் ‘சீதாராமன் நாராயணன்’ என்ற பெயரைப் பல பதிப்புகளில் பார்க்கலாம். அதை உருவாக்கிய பொறியாளர்களில் ஒருவர். நம் தாத்தாக்களின் பெயர் மாதிரி இருக்கிறதே என்று குஷியாகும். ஆனால் அதே மென்பொருளில் ‘பொங்கல்’ என்று தமிழில் அடித்தால் உடைந்து வரும். ‘ப’ முன்னால் நிற்கும், கொம்பு அதற்குப் பின்னால், கால் கடைசியில். (அவர்மேல் குறை சொல்லவில்லை. ஒரு பெரிய மென்பொருளில் எதை எப்போது செய்வது என்று தனி ஒருவர் முடிவு செய்வதில்லை.)

காரணம் கணினிக்குத் தமிழே தெரியாது என்பதல்ல. 1991-ல் வந்த யூனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 தமிழைச் சரியாகக் காட்டியது. யூனிகோடில் ‘பொ’ என்பது முதலில் ப, பிறகு ஒகரக் குறி என்று சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டியது எழுத்தை அடுக்கும் இயந்திரத்தின் வேலை. வடிவமைப்பு மென்பொருள்கள் விண்டோஸின் இயந்திரத்தை நம்பாமல் சொந்தமாக ஒன்று வைத்திருந்தன. அது ஒரு எழுத்துக்கு ஒரு உருவம், வந்த வரிசையில் நிற்கட்டும் என்ற கணக்கில் கட்டியது.

இதை ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய முடியாது. எழுத்தின் அகலம், வரி எங்கே உடையும், கர்சர் எங்கே நிற்கும் எல்லாம் அந்த இயந்திரத்தின் கையில். அதில் கை வைத்தால், ஆங்கிலத்தில் செய்து முடித்த பழைய பக்கங்களிலும் வரிகள் இடம் மாறிவிடலாம். பொடி தூவினால் போதாது, மாவையே மாற்றி அரைக்க வேண்டும்.

அதுவரை நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களே ஒட்டுப் போட்டார்கள். ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களை வைத்து எழுத்துருக்கள் செய்தார்கள். கொம்புக்கு ஒரு விசை, காலுக்கு ஒரு விசை. கண்ணால் பார்க்கும் வரிசையிலேயே அடித்துவிட்டால் மென்பொருளுக்கு எதுவும் தெரிய வேண்டாம். ஈழத்தமிழர் நடுவே பாமினி பரவியது. பல நாட்டுத் தமிழர்கள் இணையத்தில் பேசிப்பேசி திஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். தமிழ்நாடு அரசு 1999-ல் டாம், டாப் என்று இரண்டைத் தரமாக அறிவித்தது. ஒன்றில் அடித்தது இன்னொன்றில் திறக்காது. ஆனாலும் கல்யாணப் பத்திரிகைகளும் விழா மலர்களும் இவற்றால்தான் அச்சாயின. எனக்கு இது இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த பகுதி.

பிறகு நடந்தது விசித்திரம். அடோபி 2008-ல் வெளியிட்ட சிஎஸ்4 தொகுப்பின் பில்டுக்குள் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்ற புது இயந்திரம் ஏற்கெனவே இருந்தது. மெனுவில் அதற்குப் பொத்தான்தான் இல்லை! வீட்டுக்குள் புது அறை கட்டிவிட்டுக் கதவு வைக்காத மாதிரி. விவரம் தெரிந்தவர்கள் அது இயக்கப்பட்ட மாதிரிக் கோப்பு ஒன்றைத் திறந்தோ, சிறு ஸ்கிரிப்ட் ஓட்டியோ உள்ளே நுழைந்தார்கள். 2012-ல் இன்டிசைன் சிஎஸ்6 வந்தபோதுதான் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு அதிகாரபூர்வ ஆதரவு என்று அறிவித்தார்கள். மறு வருஷம் பெட்டியில் விற்பதை நிறுத்திவிட்டுக் கிரியேட்டிவ் கிளவுட் சந்தாவுக்கு மாறினார்கள். அப்படி வந்த பதிப்புகளில்தான் போட்டோஷாப்புக்கும் இந்திய எழுத்துகளுக்கான தேர்வு கிடைத்தது. அதையும் ப்ரிஃபரன்ஸுக்குள் போய் நாமே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இப்போதைய பதிப்புகளில் எல்லா மொழிக்கும் ஒரே இயந்திரம், தேட வேண்டியதில்லை.

உங்கள் தமிழ்ப் பள்ளியின் பழைய மலர்க் கோப்பு ஏதாவது கிடைத்தால் இன்றைய மென்பொருளில் திறந்து பாருங்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குப்பையாகக் கொட்டும். அதை எந்த அப்டேட்டாலும் சரிசெய்ய முடியாது. கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல, தமிழ் போலத் தெரிந்த ஆங்கில எழுத்துகள். அதை மாற்றித் தரும் சின்னச் சின்னக் கருவிகளைத் தமிழ் ஆர்வலர்கள் எழுதி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று மட்டும், அந்த மலரைத் தயாரித்த மாமாவிடமோ அத்தையிடமோ முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.