மதுரைத் தமிழ்ச் சங்கமும் யாழ்ப்பாணத்தாரும்

நிலாவரைக் கிணறு தோன்றிய வரலாற்றை எம்மூர் முதியோரிடம் கேட்டால், இராமபிரான் தம் சேனையின் நீர்வேட்கை தணிக்க அம்பெய்து உண்டாக்கினார் என்பர். நிலநூல் கற்றோரோ சுண்ணக்கற் பாறை கரைந்து குழிந்ததால் உண்டானது என்பர். பழங்கிணற்றுக்குக் கதை அமைதல் இயல்பே. ஆனால், அச்சியந்திரங்களும் பத்திரிகைகளும் பெருகியிருந்த காலத்திலே, இற்றைக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்குச் சற்று முன்னர்த் தோன்றிய ஒரு வித்துவ சபையையும் இத்தகைய கதைகள் சூழ்ந்திருத்தல் வியப்பன்றோ? நாம் குறிப்பது மதுரைத் தமிழ்ச் சங்கத்தையே.

அச்சங்கம் 1901ஆம் ஆண்டு செத்தெம்பர் 14ஆம் நாள் பாலவனத்தம் சமீந்தார் பாண்டித்துரைத் தேவரால் நிறுவப்பெற்றது. இத்திகதியில் ஐயமில்லை. ஐயம் எழுவது அதற்கு முன்னே நிகழ்ந்தவற்றிலும், முதன்முதல் அதிற் சேர்ந்தோர் யாவர் என்பதிலுமே.

பலரும் வழங்கும் கதை இது. தேவர் மதுரைக்குச் சொற்பொழிவு செய்யச் சென்றார். மேற்கோள் பார்ப்பதற்குத் திருக்குறளும் கம்பராமாயணமும் வேண்டுமென்றார். நகரெங்கும் தேடியும் ஒரு பிரதி தானும் கிடைத்திலது. சங்கம் வளர்த்த மதுரைக்கா இக்கதி என மனம் நொந்து, அப்போதே தமிழ்ச் சங்கம் காண உறுதி பூண்டார். மேடையிலே சொல்வதற்கு ஏற்ற கதைதான். நாமும் இளமையிற் பலமுறை கேட்டு உருகியதுண்டு.

ஆயினும் அதனைச் சற்றே ஆராய்தல் வேண்டும். பாண்டித்துரைத் தேவரின் தந்தையார் பொன்னுசாமித் தேவர். எங்கள் நல்லூர் ஆறுமுகநாவலர் திருக்கோவையாருரையையும் திருக்குறட் பரிமேலழகருரையையும் 1860ஆம், 1861ஆம் ஆண்டுகளில் அச்சிட்டது அப்பெரியாரின் வேண்டுகோளாலும் ஆதரவாலுமாகும். அதாவது, எந்தக் குறள் மதுரையிலே அகப்படவில்லை என்கின்றனரோ, அதனை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அச்சேற்றுவித்தவர் அந்த மகனின் தந்தையாரே. எனவே, அச்சுநூல் இல்லாமையன்று குறை. கற்பாரும் தொகுத்து வைப்பாரும் இல்லாமையே குறையென்று தேவர் கண்டிருத்தல் வேண்டும். அவர் சங்கத்தோடு அமைத்தவற்றைப் பார்த்தாலும் இது புலனாகும்: சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, அச்சியந்திரசாலை, பண்டித பரீட்சைகள். ஒரு பொழுதின் மனவருத்தத்தால் மட்டும் இத்துணை ஒழுங்கான திட்டம் உருவாகாது. அவ்வாண்டு மே மாதத்தில் மதுரையிற் கூடிய சென்னை மாகாண மாநாட்டிலேயே தேவர் இக்கருத்தை வெளியிட்டார் என்று கூறுவாரும் உளர். எமக்கு அக்கூற்றே பொருத்தமாகத் தோன்றுகிறது.

சங்கத்தின் பெருமை இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதிக்கே உரியது என்பாரும் உண்டு. இருவரும் நெருங்கிய உறவினர். கலாசாலை சேதுபதியின் பெயரையே தாங்கியது. ஆயின், சேதுபதி 1903இலே காலமாக, 1911இல் தாம் மறையும்வரை சங்கத்தைத் தாங்கி நடத்தியவர் தேவரே. ஒருவர் தொடக்கியவர், மற்றவர் துணைநின்றவர் என்று கொள்ளுதல் இருவருக்கும் நியாயமாகும்.

இனி, நான்காம் தமிழ்ச் சங்கம் என்னும் பெயர். இறையனார் களவியலுரை கூறும் 4440, 3700, 1850 ஆண்டுக் கணக்குடைய முச்சங்கங்களின் வரிசையிலே இதனை வைத்தது அபிமானம். சரித்திரத் தொடர்ச்சி என்று அதனைக் கொள்ளலாகாது. இதன் உறவுமுறை அவற்றினும் அண்மையது. 1784இற் கல்கத்தாவிலே சேர் வில்லியம் யோன்சு தொடங்கிய ஆசியச் சங்கம் முதலியவையே இதற்கு முன்மாதிரி எனலாம். ஒரு வேறுபாடு மட்டும் பெரிது. ஆசியச் சங்கத்திலே இந்தியர் எவரும் 1829 வரை உறுப்பினராகவில்லை. மதுரையிலோ தொடக்கமுதல் வித்துவான்களே வீற்றிருந்தனர். உ. வே. சாமிநாதையர், இரா. இராகவையங்கார், சூரியநாராயண சாஸ்திரியார், அரசஞ் சண்முகனார் என அப்பட்டியல் நீளும்.

எம்மவர் பூசல் இடுவது இப்பட்டியலிலேதான். எமது விவாத அரங்கிலே இப்பொருள் எழுந்தால், இளைஞர் ஒருவர் எழுந்து, "மதுரைக்கு முன்பே, 1898இலே, ஆறுமுகநாவலர் சரித்திரம் எழுதிய த. கைலாசபிள்ளை யாழ்ப்பாணத்திலே தமிழ்ச் சங்கம் கண்டுவிட்டார், மதுரை எம்மைப் பார்த்தே செய்தது" என்பார். முதற்பகுதி எம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருவதொன்று. அதனை நாம் மறுக்கவில்லை. பிற்பகுதி வேறு. முன்னது நிகழ்ந்தமையால் மட்டும் பின்னது அதனைப் பார்த்துச் செய்யப்பட்டது ஆகிவிடாது.

பெயர்களிலும் அவ்வாறே அவதானம் வேண்டும். சிறுப்பிட்டி எமக்கு அயலூர் என்பதனால் சி. வை. தாமோதரம்பிள்ளையையும் முதல் உறுப்பினருள் அடக்கிவிட மனம் உந்தும். அவர் 1901 சனவரி முதல் நாளே இறைவனடி சேர்ந்தார். சங்கம் பிறந்தது எட்டு மாதங்கள் கழித்து. வடகோவைச் சபாபதி நாவலர் பெயர் முதல் அவையினர் பட்டியல்களிலே காணப்படுகிறது. அவரும் 1903இலே மறைந்தார். இன்னொரு மயக்கம் கதிரைவேற்பிள்ளைகளைப் பற்றியது. இருவரும் வடமராட்சியார், இருவரும் அகராதி செய்தவர். புலோலி நா. கதிரைவேற்பிள்ளை சென்னையிலே திரு. வி. கலியாணசுந்தரனாருக்கு ஆசிரியராயிருந்தவர். உடுப்பிட்டி கு. கதிரைவேற்பிள்ளையோ நீதவானாயிருந்தவர். இப்பின்னவரது சொல்லகராதியையே, அவர் மறைந்தபின், மதுரைச் சங்கம் 1910, 1912, 1923 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்டது. சங்கத்தகராதி என வழங்குவது அதுவே. ஒருவர் உழைப்பை மற்றவர் பெயரில் எழுதிய கட்டுரைகளை நாம் கண்டிருக்கிறோம். அது எத்துணைப் பெரிய அநியாயம்!

சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் இங்கிருந்தே சங்கத்தின் 'செந்தமிழ்' இதழுக்குக் கட்டுரைகள் எழுதினார். பரீட்சை வழியாகவும் உறவு நீண்டது. காரைதீவு மயில்வாகனனார், பின்னாளில் விபுலாநந்த அடிகள், 1916இலே பண்டித பரீட்சையிற் சித்தியெய்தினார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை 1926இலே சித்தியெய்தினார். இதற்கிடையில், 1921இலே, முகாந்திரம் சதாசிவ ஐயர் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தை நிறுவினார். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் மதுரைப் படிமுறையே யாழ்ப்பாணத்திலும் வேரூன்றியது. பார்த்துச் செய்தவர் இங்கே நாம். அதிலே நாணுதற்கு என்ன உண்டு?

1981 யூன் முதல் நாள் தீக்கிரையான யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே ஏறத்தாழ 97,000 நூல்களும் பழைய ஏடுகளும் பத்திரிகைக் கட்டுகளும் அழிந்தன. ஆகையால், இத்தகைய வழக்குகளுக்கு எஞ்சிய சாட்சி வீடுகளிலே கிடப்பவையே. புத்தூரிலும் அயலிலும் பண்டிதர் வாழ்ந்த வீடுகள் பல. அங்கே பெட்டகத்தின் அடியிலே 'செந்தமிழ்' இதழொன்றோ, பரீட்சைப் பத்திரமொன்றோ, மதுரையிலிருந்து வந்த கடிதமொன்றோ கிடக்கக்கூடும். கறையான் அரித்ததாயினும் எறிந்துவிடாது எமது சங்கத்துக்கு ஒருமுறை காட்டுமாறு பெரியோரை வேண்டுகிறோம். படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம்.